கிளாஸ்கோ மழையும் எங்கட ஆட்களும்: புதிதாக வந்தவர்களுக்குச் சில வார்த்தை

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து கிளாஸ்கோவுக்குப் படிக்கவும் வேலைக்கும் வருகிற தம்பி, தங்கச்சிமார் ஐப்பசி பிறந்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, இந்த மழை எப்ப விடும்?" விடாது. அதனால் மற்றதைக் கதைப்போம்.

கணக்குப் பார்த்தால் மழை எங்கள் ஊரில்தான் கூட. மட்டக்களப்பில் ஆண்டுக்கு 1,600 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. இங்கே ஏறக்குறைய 1,200. ஆனால் ஊரில் ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடும். வாவி நிரம்பி, வயல் மூழ்கி, மறுகா வெயில் எறிக்கும். இங்கே வருசம் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும். போதாததற்கு மார்கழியில் பின்னேரம் மூன்றே முக்காலுக்கெல்லாம் பொழுதுபட்டுவிடும்.

உண்மையில் ஆளை வாட்டுவது மழையில்லை, மணிக்கணக்கு. ஊரில் அடைமழை என்றால் வீடு நிரம்பும். பெரியம்மா வீட்டு விறாந்தையில் கச்சானும் தேத்தண்ணியுமாக ஆட்கள் கூடுவார்கள். இங்கே ஒவ்வொருத்தரும் அறைக்கதவைச் சாத்திக்கொள்வார்கள். சரி, அம்மாவோடு கதைப்போம் என்றால், குளிர்காலத்தில் ஊர் நேரம் எங்களைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னால் ஓடுகிறது. நீங்கள் வேலை முடிந்து ஏழு மணிக்கு வந்து ஃபோனை எடுக்கும்போது மட்டக்களப்புக் கல்லடியில் நள்ளிரவு தாண்டி அரை மணி. எனவே வீட்டுக்குக் காலையில் எடுங்கள். பின்னேரம் ஐந்து முதல் ஒன்பது வரை உள்ள நேரத்துக்குக் கூரை உள்ள, ஆட்கள் உள்ள இடமாகப் பாருங்கள். உங்கள் அறைக்கும் கூரை இருக்கிறதுதான், அது கணக்கில் வராது.

முதலில் நான் சொல்வது பட்மின்டன். ஊரில் திறந்த வெளியில், கடற்காற்று பந்தை இழுத்துக்கொண்டு போக விளையாடினவர்களுக்கு, காற்றே இல்லாத கோர்ட் கொஞ்ச நாள் புதினமாக இருக்கும். அடிக்கிற பந்தெல்லாம் கோட்டுக்கு வெளியே போகும். கிழக்குப் பக்கத்தில் எமிரேட்ஸ் அரீனா இருக்கிறது. 2014 பொதுநலவாய விளையாட்டுப் போட்டியின் பட்மின்டன் அங்கேதான் நடந்தது. அவ்வளவு தூரம் போக ஏலாதவர்களுக்கு, மாநகரின் கிளாஸ்கோ கிளப் மண்டபங்கள் பல இடங்களில் உண்டு. கோர்ட்டை மணித்தியாலக் கணக்கில் எடுத்து நாலு பேர் காசைப் பிரித்துக்கொள்ளலாம். வேலை முடிந்த நேரத்து இடங்கள் கெதியில் நிரம்பிவிடும், முன்கூட்டியே பதிந்து வையுங்கள். இன்னொன்று, தெருவில் போட்டு வந்த ஈரச் சப்பாத்தோடு உள்ளே இறங்க வேண்டாம். தரையில் கறுப்புக் கோடு விழாத அடிப்பாகம் உள்ள சப்பாத்தைப் பையில் கொண்டுபோய் அங்கே மாற்றுங்கள். விலை கூடினது தேவையில்லை. கிழமையில் ஒரே நாளை, ஒரே நேரத்தைப் பிடித்து வைப்பதுதான் முக்கியம். "நேரம் கிடைத்தால் வாறன்" என்பவர் வரமாட்டார், அவரை நம்பி கோர்ட் எடுக்காதீர்கள்.

நீச்சல் பற்றித் தங்கச்சி ஒருவர் கேட்டிருந்தார். வாவிக் கரையில் வளர்ந்தும் நீந்தத் தெரியாத பெண் பிள்ளைகள் எங்களில் கனபேர். சில தடாகங்களில் பெண்களுக்கென்று தனி நேரம் இருக்கிறது, பெரியவர்களுக்கு ஆரம்ப வகுப்பும் உண்டு. நேரம் அடிக்கடி மாறும், கேட்டுவிட்டுப் போங்கள். உடம்பை மூடிய நீச்சல் உடையோடு போகலாம், யாரும் ஒரு மாதிரிப் பார்ப்பதில்லை.

பிள்ளைகளோடு இருப்பவர்களுக்கு இந்த நகரம் நல்ல நகரம். கெல்விங்குரோவ், ரிவர்சைட், பரல் என்ற மூன்று அருங்காட்சியகங்களுக்கும் நுழைவு இலவசம். ரிவர்சைட்டில் பழைய டிராம் வண்டிகளுக்குள் ஏறியே பார்க்கலாம். 1901-இல் திறந்த கெல்விங்குரோவில் பகல் நேரத்தில் பெரிய ஓகன் வாசிப்பார்கள். அங்கே பாடம் செய்த யானை ஒன்று நிற்கிறது, பெயர் சேர் ரோஜர். அதன் தலைக்கு மேலே ஸ்பிட்ஃபயர் போர் விமானம் தொங்குகிறது. அம்பாறைப் பக்கத்தார் யானையை வயலுக்குள் கண்டு வெறுத்துப்போனவர்கள்; இவர் வேலியை உடைக்க மாட்டார், பயமில்லாமல் போங்கள். ஸ்கொட்லாந்தில் வசிக்கிற 5 முதல் 21 வயது வரையானவர்களுக்கு 2022 தையிலிருந்து பஸ் இலவசம், ஆனால் அதற்குரிய அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இருபது வயதுத் தம்பிமார் இது தெரியாமல் காசு கட்டிக்கொண்டு திரிகிறார்கள்!

வீட்டுக்குள்ளேயே உடற்பயிற்சி செய்வோம் என்பவர்களுக்கு: பழைய கல்வீட்டு மாடிகளில் தரை மரப்பலகை. கயிறு அடித்தால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். வடமோடிக் கூத்து ஆட்டம் பழகின ஒருவர் எங்கள் வட்டத்தில் இருக்கிறார். இரண்டாம் மாடியில் தாளக்கட்டுக்கு மிதிக்கத் தொடங்கினால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். இப்போது சமூக மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறார். மத்தளம் தொலைபேசியிலிருந்துதான் வருகிறது, ஆனாலும் அரை மணித்தியாலத்தில் பெரியவர்களுக்கே மூச்சு வாங்கும். லிஃப்ட் இல்லாத மாடி என்றால் படிக்கட்டே போதும், செலவில்லாத பயிற்சி.

உடுப்பை அறைக்குள் ஹீற்றரில் காயப்போட்டு யன்னலைச் சாத்தி வைக்காதீர்கள், சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். குசினிக் கூரையில் கப்பியால் இழுத்து ஏற்றும் கம்பிகள் இருந்தால் அதைப் பாவித்து, யன்னலைக் கொஞ்ச நேரமாவது திறவுங்கள். குடைக்குக் காசு செலவழிக்கவும் வேண்டாம். இங்கத்தைக் காற்று அதைப் புரட்டிவிடும். தொப்பி வைத்த மழை ஜக்கெட் எடுங்கள்.

விற்றமின் டி பற்றி: ஐப்பசி முதல் பங்குனி வரை எல்லோரும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் எடுப்பதை யோசிக்கும்படி இங்குள்ள சுகாதாரத்துறை சொல்கிறது, எங்களைப்போலக் கருமையான தோல் உள்ளவர்களுக்கு வருசம் முழுக்க. மருந்துச் சீட்டு வேண்டாம், சுப்பர்மார்க்கெட்டிலேயே இருக்கிறது. வேறு மருந்து எடுப்பவர்கள் பார்மசியில் கேட்டுவிட்டு வாங்குங்கள். மனச்சோர்வு கிழமைக் கணக்கில் நீடித்தால் மழையின் தலையில் போடாமல் டொக்டரிடம் போங்கள்.

"ஆங்கிலம் சரளமில்லை, யாரோடு பழகுவது" என்று கேட்ட தம்பிக்கு: நூலகங்களில் இலவச ஆங்கில உரையாடல் வகுப்புகள் பற்றி விசாரியுங்கள். அதுவரை வீட்டில் இருக்கிற வெள்ளைப் பொடியன்மார் இரண்டு பேருக்கு எங்கட முந்நூற்று நாலு சீட்டாட்டத்தைப் பழக்குங்கள். சீட்டுக்கட்டிலிருந்து இரண்டு முதல் ஆறு வரை எடுத்துவிட்டால் 32 சீட்டு, நாலு பேரில் ஆளுக்கு எட்டு. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. ஒன்பது எப்படி ராசாவை வெட்டும் என்று சண்டைக்கு வருவார்கள். விளக்கிச் சொல்லுங்கள், ஆங்கிலம் தானாக வரும். முதல் ஆட்டத்தில் அவர்கள் இரண்டு பேரையும் ஒரே பக்கத்தில் விடாதீர்கள், ஆளுக்கொருவராகச் சோடி சேர்ந்துகொள்ளுங்கள்.