பயோசெராமிக் சீலர் போட்ட பல்லைத் திரும்பத் திறந்தவர்கள் சொல்லுங்கள்

கடைவாய்:
கீழ்த்தாடை முதல் கடைவாய்ப்பல். வேறு இடத்தில் பயோசெராமிக் சீலர் (வேர்க்கால்வாயின் இடைவெளிகளை அடைக்கும் பசை) போட்டு ரூட் கேனால் முடித்து, மறுபடி சீழ் கட்டி என்னிடம் வந்தது. எக்ஸ்ரேயில் நிரப்பியது அழகாகத்தான் தெரிந்தது. கால்வாயை நிரப்பும் ரப்பர் போன்ற கட்டா பெர்ச்சாவும் சிரமமில்லாமல் வந்துவிட்டது, ஒரு கால்வாயைத் தவிர. அதில் கோன் (கட்டா பெர்ச்சா குச்சி) வேரின் நுனிக்கு 2 மி.மீ. முன்னாலேயே நின்றிருக்கிறது, மிச்சத்தை சீலர் அடைத்திருக்கிறது. கால்வாயைச் சுரண்டும் மெல்லிய கம்பியான ஃபைலை விட்டால் டக்கென்று முட்டி நின்றது. பழைய யூஜெனால் சீலர் என்றால் கரைப்பானுக்கு இளகும். இது அசையவே இல்லை. 10ஆம் எண் ஃபைலை வெளியே எடுத்தேன், நுனி கொக்கியாக வளைந்திருந்தது. அந்தக் கொக்கி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கடைசியில் வேர்நுனி அறுவைச் சிகிச்சைக்கு அனுப்பினேன். யாராவது அப்படி இறுகிய சீலரைத் தாண்டிப் போயிருக்கிறீர்களா?

வேர்நுனி:
சீலர் மேல் பழி போடாதீர்கள். கோன் குட்டையாக நின்றதுதான் கோளாறு. முழு நீளத்துக்கு இருந்தால் அது போன தடத்திலேயே நாமும் இறங்கலாம். என்னிடம் வந்த ஒரு முன்பல்லில் நுனியைச் சுற்றிப் பெரிய கருப்பு நிழல். இதே சீலர்தான் போட்டேன். பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் அங்கே எலும்பு நிறைந்திருந்ததைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

புதிதாகப் பயன்படுத்துபவர்களுக்கு: கால்வாயை ஒரேயடியாக உலர்த்தாதீர்கள். இது கால்சியம் சிலிகேட், பல்லின் நுண்குழாய்களில் இருக்கும் ஈரத்தை வாங்கித்தான் இறுகும். அதற்காகத் தண்ணீர் தேங்கவும் விடக்கூடாது, ஈரம் உறிஞ்சும் காகிதக் குச்சியான பேப்பர் பாயின்ட்டின் நுனி லேசாக நனைந்து வந்தால் போதும். சிரிஞ்ச் நுனியை மேல் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறக்காதீர்கள். கொஞ்சமாக விட்டு, கோனிலும் தடவி, மெதுவாக இறக்குங்கள். வேகமாகக் குத்தினால் நுனிக்கு வெளியே தள்ளிவிடும். இறுகும்போது காரத்தன்மை அதிகம், கிருமிக்கு ஆகாது. ரெசின் சீலர் மாதிரி சுருங்குவதும் இல்லை. அதனால்தான் ஒரே கோனை வைத்து மிச்சத்தைச் சீலரால் நிரப்பும் ஒற்றைக் கோன் முறைக்கு இது சரியாகப் பொருந்துகிறது.

நோயாளிதான்:
நான் டாக்டர் இல்லை. எனக்கு இந்த சீலர்தான் போட்டார்கள். முடிந்ததும் எக்ஸ்ரேயைக் காட்டினார்கள், வேருக்கு வெளியே ஒரு வெள்ளைப் பொட்டு. "அது ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர். அன்று ராத்திரி கடித்தாலே உயிர் போனது. வலி அப்புறம் போய்விட்டது, பொட்டு அப்படியே இருக்கிறது. இப்படி ஆகலாம் என்று முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ராத்திரி அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

கடைவாய்:
கொஞ்சமாக வெளியேறிய சீலரைப் பெரும்பாலும் உடம்பு ஏற்றுக்கொள்ளும், பயப்படாதீர்கள். ஆனால் கீழ்க்கடைவாய்ப் பல்லாக இருந்து உதடோ தாடையோ மரத்துப்போனால் மட்டும் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும். நரம்புக் கால்வாய் அந்த வேர்களுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது.

வேர்நுனி, கோன் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்தக் கோனை நான் போடவில்லையே. அடுத்தவர் நிரப்பிய பல்லைத்தான் நாம் திறக்கிறோம், அதற்குத்தான் வழி கேட்டேன். வேகமாக அதிரும் அல்ட்ராசானிக் முனையால் அந்த 2 மி.மீ.யை உடைத்தவர்கள் இருந்தால், வளைந்த வேரில் எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள்.