கனடாவில் வேலை போனால் ஈ.ஐ. எடுப்பதா, கிடைத்த வேலையில் ஏறுவதா?

ஈ.ஐ. (Employment Insurance) என்ற வேலையிழப்புக் காப்புறுதியை எடுத்துக்கொண்டு நல்ல வேலை தேடுவதா, கிடைத்த வேலையில் ஏறுவதா? கனடா வந்து ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் வேலை போனவர்கள் பலர் இப்போது இதைத்தான் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததை ஒன்ராறியோவை வைத்து எழுதுகிறேன். கியூபெக்கில் கட்டண விகிதம் வேறு.

முதலில் கூச்சத்தை விடுங்கள். நம் ஆட்களில் பாதிப் பேருக்கு ஈ.ஐ.யும் வெல்ஃபெயார் என்ற அரசின் வறுமை உதவியும் ஒன்றுதான். ஈ.ஐ. உங்கள் சம்பளத்தில் பிடித்துக் கட்டிய காப்புறுதி. 2025இல் 100 டொலர் சம்பளத்துக்கு 1.64 டொலர் தொழிலாளியிடம் பிடித்தார்கள், முதலாளி அதைப் போல் 1.4 மடங்கு கட்டுவார். அந்த வருடம் வருடச் சம்பளத்தில் 65,700 டொலர் வரைக்கும்தான் இந்தப் பிடிப்பு இருந்தது. வேலை போனால் சராசரி வாரச் சம்பளத்தில் 55 சதவீதம் வரும், ஆனால் அதற்கு ஒரு உச்சவரம்பு உண்டு, 2025இல் எவ்வளவு உழைத்திருந்தாலும் வாரத்துக்கு 695 டொலருக்கு மேல் போகவில்லை. அதற்கும் வரி உண்டு. ஸ்கார்பரோவில் பேஸ்மென்ட் வாடகை கட்டுகிறவருக்கு இதில் சொகுசு ஒன்றும் இல்லை என்று தெரியும்.

"காசு கொடுத்தால் சனம் வேலைக்குப் போகாது" என்று பிறந்தநாள் விழாக்களில் ஒரு மாமா கட்டாயம் சொல்வார். அவர் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணமும் அமெரிக்காவின் மெயின் மாநிலமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, மரமும் மீனும் உருளைக்கிழங்கும் இரண்டு பக்கமும் உண்டு. 1990இல் மெயினின் வடக்கு மாவட்டங்களில் வேலை செய்த ஆண்களில் சுமார் 6 சதவீதம் பேர்தான் வருடத்தில் 26 வாரத்துக்குக் குறைவாக வேலை செய்தார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் அது 20 சதவீதத்துக்கு மேல். பீட்டர் கூன், கிறிஸ் ரிடெல் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் கணக்குப் பார்த்து, இந்த வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு கனடாவின் தாராளமான காப்புறுதியால் வந்தது என்றார்கள். அந்த நாட்களில் நியூ பிரன்ஸ்விக் போன்ற அட்லாண்டிக் மாகாணங்களில் பத்து வாரம் வேலை, நாற்பத்திரண்டு வாரம் உதவித்தொகை என்பதை லொத்தர் என்றே கேலி செய்வார்களாம்.

இதில் தொழிலாளியை மட்டும் குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அமெரிக்காவில் ஆட்களை அடிக்கடி நிறுத்தும் நிறுவனம் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். கனடாவில் அப்படி இல்லை. வருடா வருடம் குளிர்காலத்தில் ஆளை வீட்டுக்கு அனுப்பும் முதலாளிக்கும் வருடம் முழுக்க வைத்திருக்கும் முதலாளிக்கும் ஒரே விகிதம். பிறகு ஏன் அனுப்ப மாட்டார்?

சரி, நமக்கு வருவோம். உதவித்தொகை கூடினால் வேலை தேடும் காலமும் நீளும் என்பது பல நாடுகளில் கண்டது. யாருக்கு நீளுகிறது என்பதுதான் விஷயம். ராஜ் செட்டி என்ற பொருளாதார அறிஞர் அமெரிக்கத் தரவுகளை வைத்து 2008இல் எழுதிய கட்டுரையில், கையில் சேமிப்பு இருந்தவர்கள் தேடும் காலத்தைப் பெரிதாக நீட்டவில்லை, சேமிப்பு இல்லாதவர்கள்தான் நீட்டினார்கள் என்று காட்டினார். சோம்பல் என்றால் இரண்டு கூட்டத்துக்கும் ஒரே மாதிரி வந்திருக்க வேண்டுமே. வாடகைக்குப் பயந்து முதல் நாள் கிடைத்த வேலையில் விழாமல் இருக்க அந்தக் காசு உதவியிருக்கிறது. புதிதாக வந்த நாம் எந்தக் கூட்டம் என்று சொல்லத் தேவையில்லை. அப்படிப் பொறுத்துத் தேடியவர்களுக்குச் சம்பளம் கூடியதா என்றால், ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. சில இடத்தில் கொஞ்சம் கூடியது, சில இடத்தில் குறைந்தது. இருந்தாலும் ஊரில் கணக்காளராக இருந்தவர் இங்கே ஏஜென்சி மூலம் பொதி கட்டப் போய் அங்கேயே ஐந்து வருடம் நின்றுவிடுவதை நிறையப் பார்த்தாயிற்று. உரிமத்துக்குப் படிக்கவும் நேர்முகத்துக்குப் போகவும் இரண்டு மூன்று மாதம் கிடைத்தால் அதை எடுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். ஆனால் கடைசி வாரம் வரை இழுக்க வேண்டாம்.

இந்தக் காப்புறுதி இருப்பதால் ஒரே சம்பளம் தரும் இரண்டு வேலைகளும் ஒன்றல்ல. கையில் காசாகத் தரும் வேலையில் மணிநேரம் எதுவும் பதிவாகாது. ஈ.ஐ. கிடைக்க, உங்கள் பகுதியின் வேலையின்மை விகிதத்தைப் பொறுத்து 420 முதல் 700 மணிநேரம் வரை வேலை பதிவாகியிருக்க வேண்டும். 700 என்றால் வாரம் 35 மணிநேரப்படி 20 வாரம். மணிக்கு ஒரு டொலர் கூடத் தருகிறேன் என்று சொல்லும் கடைக்காரர், அவர் கட்ட வேண்டிய பங்கை மிச்சம் பிடித்துத்தான் அதைத் தருகிறார். லொறி ஓட்டப் போகும் தம்பிமாரிடம் முதலாளிகள் "உன் பேரில் ஒரு கொம்பனி பதிந்துகொண்டு வா" என்பதும் இதே கணக்குத்தான். சொந்தக் கொம்பனி என்றால் வேலை போகும்போது வழக்கமான ஈ.ஐ. கிடையாது. அண்ணன் கடையில் வேலை செய்தவர்களும் கவனம்: வெளியாளுக்குக் கொடுக்கும் அதே நேரமும் சம்பளமும் உங்களுக்கும் இருந்தால்தான் அது கணக்கில் சேரும்.

வேலை நின்றதும் முதலாளி ஆர்.ஓ.ஈ. (Record of Employment) என்ற வேலைப் பதிவுப் படிவத்தைக் கொடுக்க வேண்டும். அதில் இரண்டு பெட்டிகளைப் பாருங்கள். 15ஏ-யில் மொத்த மணிநேரம் இருக்கும், பே ஸ்டப்புகளைக் கூட்டிச் சரிபாருங்கள். 16இல் காரணம் ஒரே எழுத்தில் இருக்கும். 'ஏ' என்றால் வேலை குறைவு, 'ஈ' என்றால் நீங்களாக விட்டது, 'எம்' என்றால் நீக்கியது. தகுந்த காரணம் இல்லாமல் நீங்களாக விட்டால் கிடைக்காது, ஆகவே ஒரு ஷிப்டுக்கு வரவில்லை என்பதற்காக 'ஈ' போட்டிருந்தால் உடனே எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள். படிவம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கடைசி நாளிலிருந்து நான்கு வாரத்துக்குள் விண்ணப்பித்துவிடுங்கள்.

பலர் கேட்கும் வேறு சில கேள்விகளுக்கு:

வேலை அனுமதியில் இருப்பவர்களும் கட்டணம் கட்டுகிறார்கள். அனுமதி செல்லுபடியாகி, வேறு வேலைக்குப் போகக்கூடிய நிலையில் இருந்தால் விண்ணப்பிக்கலாம்.

பகுதிநேர வேலை கிடைத்தால் தயங்காமல் போங்கள். உழைக்கும் ஒவ்வொரு டொலருக்கும் 50 சதம்தான் உதவித்தொகையில் குறையும். வாரம் 500 வாங்குகிறவர் 200 உழைத்தால் கையில் மொத்தம் 600. பழைய வாரச் சம்பளத்தில் 90 சதவீதம் வரை இந்தக் கணக்கு, அதற்கு மேல் முழுதாகக் கழிப்பார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கும் அறிக்கையில் அந்த வருமானத்தை மறைத்தால் பின்னால் தண்டத்தோடு வாங்குவார்கள்.

ஈ.ஐ. எடுக்கும்போது ஊருக்குப் போகலாமா என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். பொதுவாக நாட்டுக்கு வெளியே நிற்கும் நாட்களுக்குக் காசு இல்லை. நெருங்கிய குடும்பத்தவரின் இறுதிச்சடங்கு என்றால் 7 நாள் வரை விலக்கு உண்டு. புறப்படும் முன் அறிவித்துவிட்டுப் போங்கள்.