கடன் வரலாறா, கடனேடா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வெளிநாடு போகிறவர்களுக்கான கையேட்டில் கிரெடிட் ஸ்கோர் பகுதிக்குச் சொல் கேட்டிருந்தீர்கள். ஸ்கோருக்குக் 'கடன் மதிப்பெண்' போதும். நாளிதழ்களில் ஊறிவிட்ட சொல், அதைக் கலைக்க வேண்டாம். எனக்கு உறுத்துவது கிரெடிட் ஹிஸ்டரிக்கு, அதாவது வாங்கிய கடனை எப்படிக் கட்டினோம் என்ற பதிவுக்கு, நாம் போட்டிருக்கும் 'கடன் வரலாறு'.

போன மாதம் பெங்களூர் அல்சூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகன் வேலைக்காக அமெரிக்கா கிளம்புகிறான். கைபேசியைத் திருப்பித் தன் கடன் மதிப்பெண்ணைக் காட்டினான். பச்சை வளைவின் ஓரத்தில் முள் 812இல் நின்றது. "மாமா, இதைப் பிரிண்ட் எடுத்துட்டுப் போனா அங்க வாடகைக்கு வீடு கொடுத்துடுவாங்கல்ல?" என்றான்.

அவன் அப்படி நினைத்ததில் தப்பில்லை. வரலாறு என்றால் பிறந்த ஊரையும் படித்த படிப்பையும் போல ஆளோடு கூடவே வருவது. இது அப்படி வராது. இங்கே பான் எண்ணை வைத்து சிபில் முதலான நான்கு நிறுவனங்கள் எழுதி வைக்கின்றன. அங்கே அரசு தரும் சமூகப் பாதுகாப்பு எண்ணை வைத்து அங்குள்ள நிறுவனங்கள் தனியே எழுதுகின்றன. அங்குள்ள வங்கி பெயரைத் தட்டினால் இங்குள்ள பதிவு திரையில் வராது. அளவுகோலும் ஒன்றில்லை. சிபில் 300 முதல் 900 வரை, அமெரிக்காவின் ஃபைக்கோ 300 முதல் 850 வரை.

சின்ன வயதில் அம்மா அல்சூர் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடையில் பற்று வைத்து வாங்குவார். சணல் கயிற்றில் தொங்கும் நீள நோட்டு. மாதம் பிறந்ததும் பணம் கட்டுவார், கடைக்காரர் அந்தப் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். பத்து வருடக் கோடுகள் அந்த நோட்டில் இருந்தன. அப்புறம் கே.ஆர்.புரத்துக்குக் குடிமாறினோம். புதுக் கடைக்காரர், "கொஞ்ச நாள் ரொக்கமாவே வாங்குங்கம்மா" என்றார். அம்மா மாறவில்லை. நோட்டுதான் பழைய கடையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அதனால் என் பரிந்துரை 'கடனேடு'. ஏடு எழுதுகிறவரிடம் இருக்கும் என்பது சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது.

ஸ்கோருக்கு 'நாணய மதிப்பெண்' என்று முன்பு நம்மிடையே ஒரு யோசனை வந்தது. அழகான சொல்தான், ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. வெளிநாட்டு விஷயத்தில் நாணயம் என்றதும் நாணய மாற்றுதான் நினைவுக்கு வரும். அதைவிட, விமானம் விட்டு இறங்கியவரிடம் உனக்கு நாணயம் இல்லை என்று சொல்வதுபோல் ஆகிவிடும். ஏடு இல்லாதவருக்குத் 'தடமிலி' என்றதையும் இதனாலேயே ஏற்க மனம் வரவில்லை. அறிவிலி, போக்கிலி வரிசையில் அது வசவாகவே காதில் விழுகிறது. ஆளுக்குப் பெயர் வைப்பானேன்? ஏட்டுக்கு வைப்போம்: 'வெற்றேடு'. எதுவும் எழுதாத ஏடு. பூஜ்ய மதிப்பெண் என்று யாரும் அதைப் படிக்க மாட்டார்கள். ஃபைக்கோ மதிப்பெண் பிறக்கவே ஏதாவது ஒரு கணக்கு திறந்து ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். அதுவரை அங்கே அவருக்கு ஃபைக்கோ மதிப்பெண் என்று ஒன்று இல்லை, குறைந்த மதிப்பெண்ணும் இல்லை. இந்த வேறுபாடு கையேட்டில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொன்றும் இந்தச் சொல்லால் எளிதாகிறது. "புது நாட்டில் வெற்றேடு, ஆனால் இங்குள்ள கடனேடு மூடப்படுவதில்லை" என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். இங்கே பைக் லோன் தவணையை நிறுத்திவிட்டுப் போனால் தாமதம் இங்கே பதிவாகிக்கொண்டே இருக்கும். திரும்பி வந்து வீட்டுக் கடன் கேட்கும் நாளில் அது எதிரே வந்து நிற்கும். நோவா கிரெடிட் போன்ற சில நிறுவனங்கள் வாடிக்கையாளரின் சம்மதத்தோடு இந்தியப் பதிவை எடுத்து அமெரிக்காவில் கடன் தருவோருக்குப் புரியும்படி மாற்றித் தருகின்றன. எல்லா வங்கியும் அதை ஏற்பதில்லை. அந்த வேலைக்கு 'ஏட்டுப்பெயர்ப்பு' சரியாக வருமா?

செக்யூர்டு கார்டுக்குத்தான் எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. வெற்றேட்டில் முதல் வரி பெரும்பாலும் அந்த அட்டையால்தான் விழுகிறது. நம் பணத்தை வங்கியில் பிணையாக வைத்துவிட்டு, அந்த அளவுக்குள் கடன் அட்டையாகப் பயன்படுத்துவது. 'முன்பண அட்டை' என்றால் ப்ரீபெய்டு ஆகிவிடும். 'ஈட்டு அட்டை' என்றால் காப்பீட்டு அட்டையோடு குழம்புகிறது. 'பிணைவைப்பு அட்டை' வரைக்கும் வந்து நிற்கிறேன். வங்கியில் வேலை பார்த்த நண்பர்கள் கவுண்டரில் வாடிக்கையாளரிடம் இதை எப்படிச் சொல்வார்கள் என்று எழுதுங்கள்.