ஹெலிகாப்டரில் இன்ஜின் நின்றால் முதலில் எது: கலெக்டிவா (எல்லா பிளேடுகளின் கோணத்தையும் ஒன்றாக மாற்றும் இடக்கை நெம்புகோல்), சைக்ளிக்கா (ரோட்டாரைச் சாய்க்கும் வலக்கைக் கோல்)?

சுழலி77: பக்கத்துத் திரியில் ஒருவர் சட்டம் போட்டிருக்கிறார்: "ஹெலிகாப்டரில் இன்ஜின் நின்றால் கலெக்டிவை அடிவரை இறக்கு, மற்றதெல்லாம் அப்புறம்." 90 நாட் (மணிக்கு சுமார் 167 கி.மீ.) வேகத்தில் கலெக்டிவை மட்டும் அமுக்கினால் மூக்கு கவிழும். காற்று மேலிருந்தே ரோட்டாருக்குள் இறங்கிக்கொண்டிருக்கும், ஆர்பிஎம் (ரோட்டாரின் சுழல்வேகம்) சரிவது நிற்காது. சைக்ளிக்கைப் பின்னால் இழுத்தால் ரோட்டார் பின்பக்கம் சாயும், எதிர்க்காற்று அடியிலிருந்து புகுந்து அதைச் சுற்றும். ஆகவே முதலில் சைக்ளிக்.

கலெக்டிவ்கந்தன்: அந்த "ஒருவர்" அடியேன்தான். பெயர் சொல்லித் திட்டலாமே, என்ன கூச்சம்? ராபின்சன் ஆர்22 ஹெலிகாப்டர் கையேட்டின் அவசரப் பகுதியைப் புரட்டுங்கள். 500 அடிக்கு மேல் இன்ஜின் போனால் முதல் வரி: கலெக்டிவை உடனே இறக்கு. சைக்ளிக் இரண்டாவதாகக்கூட இல்லை.

சுழலி77: இரண்டாவது வரி என்ன? சுமார் 65 நாட்டில் சீரான இறக்கம். 90-லிருந்து 65-க்கு எப்படி வருவீர்கள், வேண்டிக்கொண்டா? கணக்குப் போடுவோம். 90 நாட் வேகத்தில் இருக்கும் ஆற்றல் 109 மீட்டர் உயரத்துக்குச் சமம். 65 நாட்டில் அது 57 மீட்டர். நடுவில் 52 மீட்டர், அதாவது 170 அடி உயரம் சும்மா கிடக்கிறது. சைக்ளிக்கை இழுத்தால் அது ரோட்டாருக்குள் போகும். உங்கள் வழியில் மூக்கு கவிழ்ந்து, இருக்கிற உயரமும் கரையும்.

கலெக்டிவ்கந்தன்: பள்ளிக்கூடக் கணக்கு நன்றாக வருகிறது, வாழ்த்துகள். பிளேடின் கோணத்தைக் குறைக்காமல் இழுவை எப்படிக் குறையும்? ஆர்பிஎம் வழக்கமான அளவில் 97 சதவீதத்துக்கு இறங்கினால் எச்சரிக்கை ஹாரன் அலறும். கடல்மட்டத்தில் 80-ஐத் தொட்டால் பிளேடு ஸ்டால் (தூக்குவிசை போய்விடும்), 1000 அடிக்கு ஒரு சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். 80-இல் ரோட்டாரின் ஆற்றல் 64 சதவீதம்தான் மிச்சம். ஸ்டால் ஆன பிறகு கலெக்டிவை இறக்கினாலும் மீளாது. அந்த நிலையில் சைக்ளிக்கை இழுத்தால் பிளேடு டெயில் பூமையே (வால் தண்டையே) வெட்டும். முதல் வரி, சார், முதல் வரி.

வலதுபெடல்: இருவரும் மூக்கை இடம் வலம் திருப்பும் கால் பெடலை மறந்துவிட்டீர்கள். இன்ஜின் நின்றதும் மூக்கு இடப்பக்கம் வெட்டும், வலது பெடல் போட வேண்டும்.

தும்பிவால்: லாமா ஹெலிகாப்டரில் போய் வலது பெடல் போடுங்கள், வேடிக்கை பார்க்கிறோம். அதன் ரோட்டார் மேலிருந்து பார்த்தால் வலஞ்சுழி. மூக்கு வலப்பக்கம் திரும்பும், இடது பெடல்தான்.

வலதுபெடல்: பேச்சு ஆர்22 பற்றி. லாமாவை யார் கூப்பிட்டது?

தும்பிவால்: 1972-இல் பிரெஞ்சு விமானி ஷான் புலே லாமாவை 12,442 மீட்டர் ஏற்றினார். இன்ஜின் அணைந்து, தரைவரை ஆட்டோரோட்டேஷனிலேயே (இன்ஜின் இல்லாமல், காற்றே ரோட்டாரைச் சுற்ற) இறங்கினார். அதைப் பேசாமல் எதைப் பேசுவது?

கலெக்டிவ்கந்தன்: அவரும் கலெக்டிவை இறக்கித்தான் வந்திருப்பார்.

சுழலி77: அவருக்கு 12 கிலோமீட்டர் உயரம் கையில் இருந்தது, நிதானமாக எதையும் செய்யலாம். கந்தன் சார், உங்கள் "எப்போதும் கலெக்டிவ்" 8 அடிக்குக் கீழே மிதக்கும்போது என்ன ஆகும்? அங்கே இறக்கினால் ஸ்கிட் (அடியில் தரையில் நிற்கும் சட்டம்) மடங்கும். கையேடு சொல்வது: பெடலால் நேராக வை, தானாக அமரவிடு, தொடும் முன் கலெக்டிவை *ஏற்று*. நீங்கள் கும்பிடுகிற அதே கையேடு!

கலெக்டிவ்கந்தன்: மிதவையைப் பற்றி யார் பேசினார்கள்? வேக ஓட்டம் என்று ஆரம்பித்தது நீங்கள். 200 அடியில் மிதக்கும்போது நின்றால் உங்கள் சைக்ளிக் எதைப் பிடிக்கும்? அங்கே எதிர்க்காற்றே கிடையாது, வேகம் சேர்க்க முன்னால் தள்ள வேண்டும். டெயில் ரோட்டார் திரியிலும் இப்படித்தான் பாதியில் மைதானத்தை மாற்றினீர்கள்.

சுழலி77: அந்தத் திரியில் கடைசியில் பதில் சொல்லாமல் போனது யார் என்பது எல்லோருக்கும் தெரியும். மறுபடி சொல்கிறேன்: 90 நாட், முதலில் சைக்ளிக். கை இரண்டு இருக்கிறது, இடது கை கலெக்டிவை இறக்கிக்கொண்டே வரட்டும். பிறகு ஆர்பிஎம் 110 சதவீதத்தைத் தாண்டப் பார்க்கும், அப்போது கலெக்டிவைக் கொஞ்சம் *ஏற்றி* அடக்க வேண்டும். அடிவரை அமுக்கிவிட்டு உட்கார்ந்திருப்பவர் ரோட்டாரை எகிற விடுவார்.

தும்பிவால்: "இறக்கிக்கொண்டே" என்றால் இரண்டும் ஒரே நேரம்தானே? அப்புறம் எதற்கு இத்தனை சண்டை?

சுழலி77: ஒரே நேரம் இல்லை. சைக்ளிக் அரை நொடி முந்த வேண்டும்.

கலெக்டிவ்கந்தன்: அரை நொடியில் ஹாரன் அலறிவிடும். முதல் வரி.

வலதுபெடல்: அந்த அரை நொடியில் பெடல் யார் போடுவது?

சுழலி77: பெடலுக்குத் தனித் திரி போடுங்கள் ஐயா. கந்தன் சார், 52 மீட்டருக்கு இன்னும் பதில் வரவில்லை.