புணர்ச்சிக் கேடா, இணைவூறா?

அன்புடையீர்,

விலங்கியல் பாடநூலின் ஓர் இயலை இந்த வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. வளர்ப்புக் குடுவையில் ஆணுடன் இணைவதாலேயே பெண் பூச்சிக்கு நேரும் தீங்கைக் குறிக்க ஒரு சொல் தேவை. பழ ஈயில், ஆணின் விந்துப் பாய்மத்திலுள்ள புரதங்கள் பெண்ணின் ஆயுளைக் குறைப்பதாக 1995-இல் காட்டப்பட்டது. பயறு வண்டிலோ, ஆணுறுப்பின் முட்கள் பெண்ணின் இனப்பெருக்கத் தடத்தைத் துளைத்துவிடுகின்றன. ஒதுங்க இடமில்லாத குடுவையில் ஆண்களின் ஓயாத துரத்தலும் சேர்ந்துகொள்கிறது. ‘இனச்சேர்க்கைச் செலவு’ என எழுதியிருக்கிறேன், பொருந்துமா?

மறுமொழி:

‘செலவு’ வேண்டாம், அம்மா. முட்டையிடுவதற்கு ஆகும் ஆற்றல் செலவு வேறு, இணைவதால் வரும் தீங்கு வேறு என்று பிரித்துக் காட்டியதுதான் அந்தப் பழ ஈ ஆய்வுகளின் உயிர்நாடி. நம் சொல்லே இரண்டையும் கலந்துவிடக் கூடாது. ‘இணைவூறு’ என்பேன். உறு என்னும் முதனிலை திரிந்து ஊறு ஆகிறது. குறளில் ‘சுவை ஒளி ஊறு’ என்னுமிடத்தில் அது தொடுவுணர்வு. வினைத்திட்பத்தில் ‘ஊறொரால்’ என்னுமிடத்தில் இடையூறு. தீண்டலும் தீங்கும் ஒரே சொல்லில் அடங்கும் இப்பேறு வேறு எதற்கு உண்டு?

மறுமொழி:

ஐயா, முதலாண்டு மாணவருக்கு ஊறு என்றதும் ஊறுகாயும் ஊற்றுமே நினைவுக்கு வரும். அது வேறு வினை என்று விளக்கவே ஒரு வகுப்பு போய்விடும். மேலும், இன்றைய வழக்கில் ஊறு காயத்தை நினைவூட்டுகிறது. பழ ஈயின் தீங்கோ புரதத்தால் வருவது. ‘புணர்ச்சிக் கேடு’ எல்லோருக்கும் விளங்கும்.

மறுமொழி:

புணர்ச்சி என்றால் மாணவர் சந்தி இலக்கணத்தை எண்ணுவர் என்பது சிறிய தடைதான். ‘கேடு’ என்பதே என் கவலை. அது புணர்ச்சியையே தீயதாக்குகிறது. 1999-இல் வெளியான ஆய்வொன்றில், பழ ஈக்களை ஓர் ஆணுக்கு ஒரு பெண் என்று பல தலைமுறைகள் வளர்த்தபோது, ஆண்கள் விளைவிக்கும் தீங்கு குறைந்தது. எனவே குற்றம் இணைவில் இல்லை, இருபாலின் நலமுரணில், அதாவது ஆணுக்கு நன்மையானது பெண்ணுக்குத் தீங்காவதில், இருக்கிறது. ‘இணைவுத் தீங்கு’ போதும்.

மறுமொழி:

பெரும்பாலோர் கருத்தின்படி ‘இணைவுத் தீங்கு’ என்றே அனுப்புகிறேன். அனைவருக்கும் நன்றி.

மறுமொழி:

அனுப்புங்கள், அம்மா; காலக்கெடுவை மதிக்கிறேன். ஆயினும் இரண்டு சொல்லை ஒட்டவைத்த தொடரைக் கலைச்சொல் என ஏற்க என்னால் இயலவில்லை. கலைச்சொல் பட்டியலிலாவது இணைவூற்றைப் பக்கத்தில் குறித்து வையுங்கள்.