லீட் கிட்டார்: வேகம் 110-ல் நிற்கிறது, சோலோ ஸ்கேல் பயிற்சி மாதிரியே கேட்கிறது. எங்கே சிக்கல்?

நெய்தல்

அனைவருக்கும் வணக்கம். மூன்றரை ஆண்டாக எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். கார்டு (பல ஸ்வரம் சேர்ந்து ஒலிப்பது), ரிதம் இரண்டிலும் பிரச்சினை இல்லை. லீடில்தான் (ஒவ்வொரு ஸ்வரமாகத் தனி மெட்டு வாசிப்பதில்) எட்டு மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

ஒன்று, வேகம். ஏ மைனர் பென்டடானிக் (ஐந்து ஸ்வர ஸ்கேல்), 5ஆம் ஃப்ரெட் பெட்டி (கழுத்தின் ஐந்தாம் உலோகக் கம்பியில் தொடங்கும் விரல் அமைப்பு), பீட்டுக்கு நாலு ஸ்வரம். மெட்ரோனோம் (தாளம் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 110 பீட் வரை சுத்தமாக வருகிறது. 114 வைத்தால் இரண்டு கையும் ஆளுக்கொரு பக்கம் போகின்றன. தினமும் 60-ல் ஆரம்பித்து இரண்டிரண்டாக ஏற்றுகிறேன்.

இரண்டு, ஏ மைனர் – எஃப் – சி – ஜி என்று போகும் பேக்கிங் டிராக் (பின்னணி இசைப் பதிவு; வேகம் 80, கார்டுக்கு ஒரு பார், அதாவது நாலு பீட்). அதன் மேல் வாசித்தால் தப்பு ஸ்வரம் எதுவும் விழுவதில்லை, ஆனால் ஏறி இறங்குகிற மாதிரிதான் இருக்கிறது, பாட்டாக இல்லை. ஐந்து பெட்டியும் மனப்பாடம்.

தினம் 45 நிமிடம் கிடைக்கும். தந்தி 10–46 (கனம், அங்குலத்தின் ஆயிரத்தில்), பிக் (தந்தியை மீட்டும் தகடு) 0.60 மி.மீ. எதை மாற்றட்டும்?

ஆறுதந்தி

நெய்தல், வேகத்துக்கு மட்டும் நான் சொல்கிறேன். அடுத்த கேள்விக்கு என்னைவிட நன்றாகச் சொல்பவர்கள் வருவார்கள்.

பீட்டுக்கு நாலு, வேகம் 110 என்றால் நொடிக்கு ஏழு ஸ்வரத்துக்குச் சற்று மேல். அந்த ஒரு எண்ணுக்குள் நாலு தனி வேலைகள் இருக்கின்றன. எது முதலில் விட்டுப்போகிறது என்று தெரியாமல் மெட்ரோனோமை ஏற்றுவதில் பயனில்லை. இன்றைக்கே பிரித்துப் பாருங்கள், கால் மணி நேரம் போதும்.

அ) மூன்றாம் தந்தி (மெல்லியதே முதல் தந்தி) 7ஆம் ஃப்ரெட், ஒரே ஸ்வரம், பிக் மட்டும் கீழும் மேலும். நாலு பார் தடுமாறாமல் எந்த வேகம் வரை போகிறது?

ஆ) பிக்கைக் கீழே வைத்துவிட்டு இடது கை மட்டும். அதே தந்தியில் 5–7 ஹேமர் ஆன் (விரலால் தட்டி ஏற்றுவது), புல் ஆஃப் (விரலை இழுத்து விட்டு இறக்குவது). பிறகு 5–8. இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

இ) இரண்டு கையும் சேர்த்து, அதே ஒற்றைத் தந்தியில் 5–7–5–7.

ஈ) இரண்டாம் தந்தியில் 5–8, முதல் தந்தியில் 5–8, இந்த நாலு ஸ்வரம் மட்டும் சுற்றிச் சுற்றி.

'அ'விலேயே 110-ல் நின்றால் வலது கை. முழங்கையை இறுக்கி அடிக்கிறீர்கள், மணிக்கட்டு வேலை செய்யவில்லை. 'ஆ'வில் நின்றால் இடது கை. இரண்டும் தனித்தனியாக 140 தாண்டி, 'இ' மட்டும் சரிந்தால் கைகள் ஒன்றுசேரும் இடத்தில் கோளாறு. 'இ' வரை நன்றாகப் போய் 'ஈ'யில் விழுந்தால் தந்தி மாறுவதில்.

தந்தி மாறுவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 60-லிருந்து ஏற்றும் முறை இங்கேதான் ஏமாற்றும். மெதுவாக வாசிக்கும்போது ஒவ்வொரு அடிக்குப் பிறகும் பிக்கைத் தூக்கி அடுத்த தந்தியில் வைக்க நேரம் இருக்கிறது. எப்படிப்பட்ட அசைவும் அங்கே செல்லும். 114-ல் அந்த நேரம் கிடையாது. அதாவது 60-ல் நீங்கள் பழகுவது ஒரு அசைவு, 120-ல் தேவைப்படுவது வேறொன்று.

பென்டடானிக் பெட்டியில் தந்திக்கு இரண்டு ஸ்வரம். கீழடி, மேலடி, அடுத்த தந்தி. கீழடியில் தொடங்கினால் தந்தி மாறுவது எப்போதும் மேலடிக்குப் பிறகுதான். எனவே மேலடி முடியும்போது பிக் தானாகவே தந்திகளுக்கு மேலே, வெளியே வந்திருக்க வேண்டும். அதற்கு பிக்கை நேராகப் பிடிக்காமல், விரல் பிடித்திருக்கும் பக்கம் தரையை நோக்கிச் சற்றே சாயும்படி முன்கையைக் கொஞ்சம் திருப்புங்கள். கீழடி தந்திகளுக்குள் இறங்கும், மேலடி வெளியே வரும். தனியாகத் தூக்க வேண்டிய வேலையே இல்லை.

தந்திக்கு மூன்று ஸ்வரம் வரும் ஸ்கேலில் இதே சாய்வு மாட்டிக்கொள்ளும், மூன்றாவது அடி கீழடியாக முடிவதால். அங்கே முதல் இரண்டை மட்டும் அடித்து, மூன்றாவதை ஏறும்போது ஹேமர் ஆன், இறங்கும்போது புல் ஆஃப் என்று விட்டுவிடலாம்.

பயிற்சியை இப்படி மாற்றுங்கள். மெட்ரோனோம் 130. ஐந்தே ஸ்வரம்: ஒரு பீட்டில் நாலு, அடுத்த பீட்டின் தலையில் ஐந்தாவது, அங்கே நில்லுங்கள். இரண்டு பீட் ஓய்வு. மறுபடி. கை தளர்ந்திருக்கிறதா என்று ஓய்வில் பாருங்கள். பத்தில் எட்டு சுத்தமாக வந்தால் ஒன்பது ஸ்வரமாக நீட்டுங்கள். வராவிட்டால் 124-க்கு இறக்குங்கள், 60-க்கு அல்ல.

0.60 பிக் வளைகிறது. அது நிமிரும்வரை அடுத்த அடி தாமதமாகிறது. 1 மி.மீ.க்கு மேல் எடுங்கள். டன்லப் ஜாஸ் 3 நைலான் 1.38 மி.மீ., நுனி கூர்மை, அளவும் சிறியது. முதல் வாரம் கையில் கட்டை மாதிரி இருக்கும், பிறகு பழகிவிடும்.

கல்யாணி65

ஆறுதந்தி அண்ணா சொன்னதில் ஒன்றை மட்டும் திருத்துகிறேன். மெதுவான பயிற்சியை மொத்தமாகக் கைவிட வேண்டாம். பெண்ட் (தந்தியைத் தள்ளி ஸ்ருதியை ஏற்றுவது), வைப்ரேட்டோ (ஸ்வரத்தை அசைப்பது), வேண்டாத தந்தியை மியூட் செய்வது, இவை மூன்றும் மெதுவாகத்தான் வரும்.

இரண்டாவது கேள்வி. ஏ-வை ஸட்ஜமாக வைத்துப் பார்த்தால் ஏ மைனர் பென்டடானிக்கின் ஸ்வரங்கள் சுத்த தன்யாசியின் ஸ்வரங்கள்தான்: ஸ க₂ ம₁ ப நி₂. ராகத்தில் பின்னால் தம்பூரா ஒரே ஸ்ருதியில் நிற்கும், நீங்கள் எங்கே நிற்கலாம் என்பதை அதை வைத்தே முடிவு செய்யலாம். கார்டுகள் ஓடும் டிராக்கில் ஸ்ருதிப் பெட்டி பாருக்கு ஒரு தடவை மாறுகிற மாதிரி. நீங்கள் நாலு பாருக்கும் ஒரே சுத்த தன்யாசியை ஓட்டுகிறீர்கள். தப்பாகவும் விழாது, பொருந்தவும் பொருந்தாது. ஜி கார்டு வரும்போது கேட்டுப் பாருங்கள். அந்தக் கார்டின் நிறத்தைச் சொல்வது அதன் மூன்றாவது ஸ்வரமான பி. உங்கள் பெட்டியில் பி-யே கிடையாது!

அதனால் பெட்டியை விட்டு எங்கும் ஓட வேண்டாம். கைக்கு அருகிலேயே நாலு இடம் குறித்துக்கொள்ளுங்கள்:

ஏ மைனருக்கு சி: மூன்றாம் தந்தி, 5.
எஃப்-க்கு ஏ: நாலாம் தந்தி, 7.
சி-க்கு ஈ: இரண்டாம் தந்தி, 5.
ஜி-க்கு பி: மூன்றாம் தந்தி, 4.

நாலும் ஒவ்வொரு கார்டின் மூன்றாவது ஸ்வரம், நாலும் 4-லிருந்து 7ஆம் ஃப்ரெட்டுக்குள். முதல் மூன்று நாள் வேறெதுவும் வாசிக்காதீர்கள். கார்டு மாறும் அந்தப் பீட்டில் ஒரே ஸ்வரம், நாலு பீட் நீட்டி. நாலாம் நாள் முந்தைய பாரின் கடைசி இரண்டு பீட்டில் பென்டடானிக் ஸ்வரங்களைக் கொண்டு அந்த இடத்தை நோக்கி நடந்து வாருங்கள். அவ்வளவுதான். கேட்பவருக்கு இப்போது கார்டு மாறுவது உங்கள் ஒற்றைத் தந்தியிலேயே தெரியும். பி-யையும் எஃப்-ஐயும் சேர்த்ததும் உங்கள் கையில் இருப்பது நடபைரவி, அதாவது இயற்கை மைனர். புதிதாக ஒரு ஸ்கேல் 'கற்க' வேண்டியதே இல்லை.

அடுத்தது மூச்சு. பாடுபவர் மூச்சு விடும் இடத்தில் நிறுத்துவார். கிட்டாருக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால் விரல் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒன்றரை பார் வாசித்து அரை பார் சும்மா இருங்கள். பாரின் முதல் பீட்டில் தொடங்காதீர்கள், இரண்டாவது பீட்டுக்குப் பிந்தைய அரையில் தொடங்கிப் பாருங்கள். 'தகதிமி'யாகவே (நாலு நாலாக) எல்லாவற்றையும் அடுக்குவதால்தான் ஏறி இறங்குவது போலக் கேட்கிறது. ஒரு பாருக்குத் 'தகிட' (மூன்று மூன்றாக) மாற்றுங்கள், அதே ஐந்து ஸ்வரம் வேறாகிவிடும்.

பெண்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மூன்றாம் தந்தி 7ஆம் ஃப்ரெட் டி. அதை முழு பெண்டாக (இரண்டு ஃப்ரெட் அளவு) ஏற்றினால் ஈ வர வேண்டும். முதலில் 9ஆம் ஃப்ரெட்டை வாசித்து ஈ-யைக் காதில் வாங்குங்கள், பிறகு 7-ஐ ஏற்றி அதைத் தொடுங்கள், ட்யூனரில் சரிபாருங்கள். பெரும்பாலும் ஈ-க்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடும். மோதிர விரலுக்குப் பின்னால் நடுவிரல், சுட்டுவிரல் இரண்டையும் அதே தந்தியில் வைத்து, விரலால் தள்ளாமல் மணிக்கட்டைத் திருப்பி ஏற்றுங்கள். வைப்ரேட்டோவுக்கும் இதே திருப்பம்தான். ஒவ்வொரு அலையும் சொந்த ஸ்ருதிக்குத் திரும்பி வந்து தொட வேண்டும், இல்லையென்றால் ஸ்ருதி விலகியதாகவே காதில் விழும். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014) ஃப்ரெட் உள்ள சின்னக் கழுத்தில் கமகத்தை எப்படிக் கொண்டுவந்தார் என்று ஒரு ஆலாபனையாவது கவனித்துக் கேளுங்கள். ஒரு ஸ்வரத்துக்கு எந்தப் பக்கத்திலிருந்து வந்து சேர்கிறார் என்பதை மட்டும் கேட்டால் போதும்.

காதுக்கு வேலை கொடுக்க கிட்டார் சோலோவை எடுக்காதீர்கள். நீங்கள் முணுமுணுக்கும் ஏதாவது ஒரு பல்லவியின் முதல் இரண்டு வரி. முதலில் பாடுங்கள், பிறகு இரண்டாம் தந்தி ஒன்றில் மட்டும் தேடி எடுங்கள். ஒரே தந்தியில் பெட்டி கிடையாது, விரலுக்கு மனப்பாடம் உதவாது, காதைத்தான் கேட்டாக வேண்டும். ஏ மைனர் அதில் 1, 3, 5, 6, 8, 10, 12, 13.

மரவேலை

வாசிப்பைப் பற்றி மேலே இருவரும் சொல்லிவிட்டார்கள். கருவியையும் ஒரு முறை பாருங்கள்.

ஆறாம் தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்து, 7ஆம் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் இடைவெளி பாருங்கள். 0.25 மி.மீ. அளவு இருந்தால் நல்லது, ஒரு விசிட்டிங் கார்டின் கனம். அதைவிட நிறைய இருந்தால், கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் கம்பியைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாமல், திருப்பிய பின் மறுபடி ட்யூன் செய்து அளவெடுங்கள். பிறகு 12ஆம் ஃப்ரெட்டில் உயரம்: ஆறாம் தந்தி 2 மி.மீ., முதல் தந்தி 1.5 மி.மீ. சுற்றுவட்டாரம். முதல் தந்தி 2.5 இருந்தால் சுண்டுவிரல் வேகம் வரவே வராது.

10–46 செட்டில் மூன்றாம் தந்தி 17, 9–42-ல் 16. ஸ்கேல் நீளம் (தந்தி அதிரும் நீளம்) 25.5 அங்குலம் என்றால் முழு பெண்டுக்கு 9 செட் எளிது, 24.75 என்றால் 10-ஐயே வைத்துக்கொள்ளலாம். கடலோர ஊராக இருந்தால் வாசித்து முடித்ததும் தந்தியை உலர்ந்த துணியால் துடையுங்கள். துரு ஏறிய தந்தியில் பெண்ட் உரசி நின்றுவிடும்.

நெய்தல்

மூவருக்கும் நன்றி. சோதனை முடிவு:

அ) 148. ஆ) 5–7 என்றால் 136, 5–8 என்றால் 112. இ) 132. ஈ) 112, அதுவும் திரும்பி இறங்கும்போது.

முதல் தந்தி உயரம் 1.7. பிக் மாற்றிவிட்டேன், 1.38. அப்படியானால் வலது கை இல்லையா?

ஆறுதந்தி

வலது கை இல்லை. 5–8 தனியாக 112, 'ஈ'யும் 112. இரண்டும் ஒரே இடத்தில் நிற்பதைப் பாருங்கள். தடுப்பது 8-ஐப் பிடிக்கும் சுண்டுவிரல். பெட்டியில் 5–8 வருவது 6, 2, 1 ஆகிய தந்திகளில் மட்டும். 5, 4, 3-ல் 5–7தான். அதனால்தான் நடுவில் சுத்தமாக இருந்து ஓரங்களில் உடைகிறது.

இறங்கும்போது சிக்கல் என்பதால் காரணம் புல் ஆஃப் பக்கம் இருக்கிறது. மூன்று விஷயம் பாருங்கள். சுண்டுவிரல் தந்தியை விட்டபின் எவ்வளவு உயரம் போகிறது என்று செல்போனில் படம் எடுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போனால் திரும்பி வரும் தூரம்தான் உங்கள் 112. அடுத்து, கட்டைவிரல் கழுத்தை நெரிக்கிறதா? 8ஆம் ஃப்ரெட்டில் தந்தியைத் தொட்டு மட்டும் வைத்து, மெல்ல மெல்ல அழுத்தி, ஸ்வரம் எந்த இடத்தில் தெளிகிறது என்று பாருங்கள். அதற்கு மேல் அழுத்தம் தேவையே இல்லை. மூன்றாவது, முதல் தந்தியில் 5 ஒலித்துக்கொண்டிருக்கும்போதே சுண்டுவிரல் இரண்டாம் தந்தி 8-க்கு மேல் வந்து நிற்க வேண்டும். 5 முடிந்த பிறகு கிளம்பினால் எப்போதும் தாமதம்தான்.

பயிற்சி: பிக் இல்லாமல் 5–8–5 மட்டும், முதல் தந்தியில் எட்டு முறை, இரண்டாம் தந்தியில் எட்டு முறை, முப்பது நொடி ஓய்வு. ஐந்து நிமிடம் போதும், பத்துக்கு மேல் வேண்டாம். பிறகு ஐந்து ஸ்வரத் துண்டு, இறங்குவதாக மட்டும்: முதல் தந்தி 8–5, இரண்டாம் தந்தி 8–5, மூன்றாம் தந்தி 7-ல் நில். 118-ல் தொடங்குங்கள். முன்கையில் எரிச்சலோ விரலில் மரத்துப்போதலோ வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள், தசைநாண் வீங்கினால் வாரக்கணக்கில் கிட்டாரைத் தொட முடியாது.

டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) இல்லாமல் செய்யுங்கள். கெயின் (அந்தக் கரகரப்பின் அளவு) அதிகமானால் பலவீனமான புல் ஆஃப்கூட நன்றாக வந்த மாதிரி கேட்கும். கடைசி ஐந்து நிமிடம் மட்டும் கெயினோடு, மியூட் சரியாக இருக்கிறதா என்று பார்க்க.

கல்யாணி65

45 நிமிடத்தில் இதற்கு 15 போதும். 20 நிமிடம் அந்த நாலு இடங்களுக்கு, 10 நிமிடம் பல்லவிக்கு. சோலோவை வாரம் ஒரு முறை பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள், வாசித்த உடனே வேண்டாம். ஜி பாரில் மூன்றாம் தந்தி 4-ல் நின்றீர்களா என்று மட்டும் முதல் வாரம் கேட்டால் போதும். அந்தப் பதிவை இங்கே போடுங்கள், அடுத்தது என்ன என்று அதைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.