செரிக்காத நார்ச்சத்தை எதற்குச் சாப்பிட வேண்டும்?

மத்தளவயிறன்:
சுகர் எல்லைக்கோட்டில் நிற்கிறது, நார்ச்சத்தைக் கூட்டுங்கள் என்றார் டாக்டர். நானும் வீராப்பாக மறுநாளே ஆரம்பித்தேன். காலையில் ஓட்ஸ், சாயங்காலம் பெரிய கிண்ணம் நிறைய கொண்டைக்கடலைச் சுண்டல், படுக்கும்முன் இரண்டு ஸ்பூன் இசப்கோல் நார்ச்சத்துத் தூள். நாலாம் நாள் வயிறு மத்தளம் மாதிரி உப்பி, ஆபீஸ் லிஃப்டில் நாலு பேரோடு ஏறவே பயமாக இருக்கிறது, போதாக்குறைக்கு மலச்சிக்கல் வேறு. ஓட்ஸ் பாக்கெட்டில் கார்போஹைட்ரேட்டுக்குக் கீழேதான் நார்ச்சத்தையும் போட்டிருக்கிறான், அப்போ அதுவும் சுகரை ஏற்றுமா?

குடல்வாசி:
ஏற்றாது. சிறுகுடலில் அதைக் குளுக்கோஸாக உடைக்க நம்மிடம் நொதி இல்லை. ஓட்ஸில் இருக்கிற பீட்டா குளுக்கன் என்ற நார்ச்சத்து கூழாகி, கூட வரும் மாவுச்சத்து ரத்தத்தில் ஏறுவதையும் தாமதப்படுத்தும். கடலையில் இருக்கும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற செரிக்காத சர்க்கரைகள் அப்படியே பெருங்குடலுக்குப் போகும், அங்கே பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைப்பதில் வருவதுதான் உங்கள் லிஃப்ட் பிரச்சினை. ஆனால் அதே புளிப்பில்தான் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம் உண்டாகிறது, பெருங்குடல் உள்சுவர் செல்களுக்கு முக்கியமான எரிபொருளே அதுதான். அந்த வழியில் நமக்கும் கொஞ்சம் கலோரி வரும், மாவுச்சத்தில் கிராமுக்கு 4 என்றால் இதில் சராசரியாக 2.

சுண்டல் மாமி:
கடலையை ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் குழைய வேகவையுங்கள், வாயு பாதி அடங்கும். இசப்கோலுக்கு ஒரு பெரிய டம்ளர் தண்ணீராவது வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே களியாக இறுகி நிற்கும். முதல் வாரம் ஒரு கைப்பிடிச் சுண்டல் போதும், அவசரம் என்ன?

நீராகாரம்:
பழைய சோற்றை விட்டுவிட்டீர்களே! சோறு ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறிவிடும்.

குடல்வாசி:
உண்மைதான், ஆனால் மாறுவது கொஞ்சம்தான். மீதி அதே சோறு, சுகருக்கு நல்லது என்று இரண்டு சட்டி சாப்பிட்டுவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளுக்கு 25 கிராமாவது நார்ச்சத்து வேண்டும் என்கிறது, அதைக் கீரை, அவரை, கொய்யா, பயறு என்று பிரித்து எடுங்கள். மாத்திரை ஏதாவது போடுகிறீர்கள் என்றால் இசப்கோலை எவ்வளவு இடைவெளி விட்டுக் குடிப்பது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மத்தளவயிறன்:
சத்து போய்விடும் என்று ஊறிய தண்ணீரிலேயே வேகவைத்துக்கொண்டிருந்தேன் மாமி. இசப்கோலுக்கு அரை டம்ளர்தான். இப்போது ஒரு கைப்பிடி ஊறப்போட்டிருக்கிறேன், நாளை மறுநாள் லிஃப்ட் நிலவரத்தோடு வருகிறேன்.